அடுப்படியிலிருந்து கல்லாவுக்கு எவ்வளவு தூரம்?

2025 ஜூனில் சிகாகோவில் நடந்த ஜேம்ஸ் பியர்ட் விருது விழாவில் நியூயார்க் 'செம்மா' உணவகத்தின் சமையல் கலைஞர் விஜய்குமார் வேட்டியோடு மேடையேறியதைப் பார்த்து உலகெங்கும் தமிழர்கள் பூரித்துப் போனோம். திண்டுக்கல் பக்கம் நத்தத்திலிருந்து போனவர். வயலில் பிடித்த நத்தையைச் சமைத்துச் சாப்பிட்ட வீட்டுச் சமையலை நியூயார்க்கின் மிக உயர்ந்த மேசைகளில் வைத்துக் காட்டியவர். தன்னைப் போன்ற கறுத்த தோலுடைய ஒரு தமிழ்ப் பையன் இப்படிப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வான் என்று தொழிலைத் தொடங்கிய நாளில் நினைத்ததே இல்லை என்ற பொருளில் அவர் பேசியது பலரை உலுக்கியது. என்னையும்தான். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே ஒரு கேள்வி எழுந்தது. அதே ஊரில், அதே நிறத்தில், அதே வறுமையில் ஒரு பெண் பிறந்திருந்தால்? அவள் தலித் பெண்ணாக இருந்திருந்தால்? அந்த மேடைக்கு அவள் வந்து சேர எத்தனை கதவுகள் திறக்க வேண்டியிருந்திருக்கும்? அமெரிக்காவில் கறுப்பினப் பெண் சமையல் கலைஞர்கள் நூறு வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வந்திருக்கிறார்கள். மஷாமா பெய்லி 2022-ல் அந்த நாட்டின் தலைசிறந்த சமையல் கலைஞருக்கான பியர்ட் விருதை வாங்கினார். நம் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இன்னும் யாரும் சரியாகத் தொடங்கவில்லை. மும்பையின் காட்கோபரில் உட்கார்ந்து, மாதுங்கா, தாராவி, செம்பூர் என்று தமிழர் சமையல் மணக்கும் இந்த நகரத்தை வைத்து அதை யோசித்துப் பார்க்கலாம் என்று இந்தப் பதிவு.

பொதுவாக இந்தப் பேச்சு வந்தால் மூன்று பதில்கள் உடனே வரும்: திறமை வேண்டும், முதல் வேண்டும், துணிச்சல் வேண்டும். மூன்றும் வேண்டும்தான். ஆனால் இந்த நகரத்தில் உணவகம் வைத்து முன்னுக்கு வந்தவர்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்த மூன்றுக்கும் முந்திய ஒன்று தெரிகிறது. பாத்திரம் கழுவ வந்தவர் ஒருநாள் கல்லாப்பெட்டிக்கு முன்னால் உட்காரும்படி போடப்பட்ட ஏணி அது. அந்த ஏணி சில சமூகங்களுக்கு இருந்தது, அந்தச் சமூகங்களிலும் ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. தலித் பெண்ணிடம் இல்லாதது கைப்பக்குவமோ உழைப்போ அல்ல, இந்த ஏணிதான் என்பதே நான் சொல்ல வருவது.

மாதுங்காவை எடுத்துக்கொள்வோம். ராம் ஆஸ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ஏ. ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. ஸ்டேஷனைச் சுற்றி நான்கு ஐந்து வருடத்துக்குள் எழுந்த கடைகள் இன்றும் வரிசையில் நிற்க வைக்கின்றன. இவற்றின் பின்னால் தனிமனித மேதைமை மட்டும் இருந்ததாகக் கதை சொல்வது எளிது. உண்மையில் நடந்தது வேறு. தென் கன்னடத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பையன்கள் சொந்தக்காரரின் ஹோட்டலுக்கு வந்தார்கள். மேசை துடைத்தார்கள், மாவாட்டினார்கள், கடையிலேயே படுத்தார்கள். அவர்களுக்கென்று பம்பாயில் கன்னட இரவுப் பள்ளிகள் இருந்தன. படித்துக் கணக்கெழுதத் தெரிந்தவன் கல்லாவுக்கு வந்தான். பத்துப் பதினைந்து வருடத்தில் ஊர்க்காரர்கள் கைமாற்றாகக் கொடுத்த பணத்தில் தனிக்கடை போட்டான். வாடிக்கையாளரும் கடன்காரரும் அடுத்த வேலையாளும் ஒரே வலையிலிருந்து வந்தார்கள். நம் பக்கம் முனியாண்டி விலாஸும் இப்படித்தான். வடக்கம்பட்டி சுப்பா நாயுடு 1937-ல் காரைக்குடியில் ஆரம்பித்ததைப் பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் ஒருவர் கையைப் பிடித்து இன்னொருவர் ஏறி, தமிழ்நாடெங்கும் கடை விரித்தார்கள். வேலை பார்த்தவரே அடுத்த ஊரில் முதலாளியானார். இன்றும் தை மாதத்தில் ஊருக்குத் திரும்பிக் கோயிலில் பிரியாணி படைத்துக் கொடுக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏழைகள் ஒருவரையொருவர் தூக்கிவிட்ட அருமையான ஏற்பாடு. ஆனால் எண்ணிப் பாருங்கள், இந்த இரண்டு வரலாற்றிலும் மாவாட்ட வந்து முதலாளியான ஒரு பெண்ணின் பெயர் நினைவுக்கு வருகிறதா? பெண் கடையில் வந்து படுக்க முடியாது, இரவுப் பள்ளிக்குப் போக முடியாது, சொந்தக்காரர் அவளை நம்பிக் கைமாற்றுக் கொடுக்க மாட்டார். ஏணியின் முதல் படியிலேயே அவளுக்கு இடம் இல்லை.

அப்படியானால் இந்த நகரத்தின் பெண்கள் சமைத்து விற்கவே இல்லையா? விற்றார்கள், லட்சக்கணக்கான வயிறுகளை நிரப்பினார்கள். லால்பாக், பரேல் பக்கம் மில் வேலைக்கு வந்து ஓர் அறையில் பத்துப் பேராகத் தங்கிய ஆண்களுக்கு இரண்டு வேளையும் சோறு போட்டது 'கானாவள்' நடத்திய பெண்கள். சம்பள நாளில்தான் பணம் வரும். அதுவரை மளிகைக்காரரிடம் வட்டிக்குக் கடன். மாதம் முழுக்க அடுப்பில் நின்றாலும் மிச்சமாவது மளிகைக்காரருக்குத்தான். கம்யூனிஸ்ட் இயக்கத்திலிருந்து வந்த பிரேமா புராவ் 1975-ல் இவர்களை 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்று திரட்டினார். முதல் குழுவில் 14 பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று வங்கிக் கடன் வாங்கினார்கள். உலகம் 'மைக்ரோ கிரெடிட்' என்று கொண்டாடத் தொடங்குவதற்கு முந்திய கதை இது. 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் வந்தது. சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் அதில் இறங்கினார்கள், ஏராளமானோர் வேலையிழந்தார்கள், பலர் ஊருக்குத் திரும்பினார்கள். கானாவள்காரியின் வாடிக்கையாளர் முழுவதும் ஒரே வகையான ஆட்கள் என்பதால் அடி நேராக அவள் அடுப்பில் விழுந்தது. கேட்டரிங் பக்கம் திரும்பித்தான் அந்த அமைப்பு நிமிர்ந்தது. பம்பாய் உணவு வரலாறு எழுதுகிறவர்கள் இரானி கடைகளுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தப் பெண்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் லிஜ்ஜத். 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஒரு கட்டடத்து மொட்டைமாடியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட்டது எல்லோரும் அறிந்த கதை. இன்று 45 ஆயிரம் பெண்கள் அதில் கூட்டு உரிமையாளர்கள். நிறுவியவர்களில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-ல் பத்மஸ்ரீ. தாராவிச் சந்துகளில் கவிழ்த்த மூங்கில் கூடைகள் மீது அப்பளம் காய்வதைப் பார்க்கலாம். அந்த வெற்றியை நான் பெரிதாகவே மதிக்கிறேன், ஆனால் அது எந்தப் பண்டத்தில் நடந்தது என்று கவனிக்க வேண்டும். அப்பளம் சமைக்காத பண்டம். காய்ந்தது. வாங்குகிறவர் தன் வீட்டு எண்ணெயில் தானே பொரித்துக்கொள்கிறார். வடக்கே கச்சா, பக்கா என்றும், நம் வீடுகள் சிலவற்றில் பத்து என்றும் பார்க்கும் பழைய தீட்டுக் கணக்கில், காய்ந்த பண்டம் யார் கையிலிருந்து வந்தாலும் தாண்டி வந்துவிடும். வேகவைத்த சோறும் குழம்பும் தாண்டி வராது. சுய உதவிக் குழுப் பெண்களுக்கு இன்றும் பயிற்சி என்று எதைச் சொல்லித்தருகிறோம்? அப்பளம், வடகம், ஊறுகாய், மசாலாப் பொடி. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் சமைத்த சோற்றை ஒரு பெண் தன் பெயரில் விற்கும் இடத்துக்கு வரும்போது நம் கற்பனை ஊறுகாய் ஜாடியிலேயே நின்றுவிடுகிறது.

சமைத்த சோறு என்று வந்ததும் சாதி எப்படி எழுந்து நிற்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே போதுமான சாட்சி இருக்கிறது. பள்ளி மதிய உணவுக்குச் சமையலர் நியமிப்பதில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஓர் அருந்ததியர் பெண் சமைக்க வந்தபோது, அவர் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக்கூடாது என்று பெற்றோர்கள் திரண்டார்கள். முதலில் இடமாற்றப்பட்டவர் அந்தப் பெண்தான். போராட்டம் வெடித்த பிறகே அந்த உத்தரவு ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. 2023-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த சில நாள்களிலேயே கரூர் மாவட்டத்திலும் இதே கதை. இந்தச் சம்பவங்களைச் சொல்லிச் சொல்லி நாம் வெட்கப்படுகிறோம், வெட்கப்படவும் வேண்டும். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த வேலையே ஏணி இல்லாத வேலை. மதிய உணவுச் சமையலருக்கு மத்திய அரசு வகுத்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், 2009-லிருந்து. மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன, தமிழ்நாடு கூடுதலாகவே கொடுக்கிறது. எனினும் தினம் நூறு பேருக்கு அளவு பிசகாமல் சமைக்கத் தெரிந்த பெண்ணுக்கு அந்தத் திறமையை வைத்து அடுத்த படி என்று ஒன்று கிடையாது. சென்னையில் 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்திலும் இதையே பார்க்கலாம். சுய உதவிக் குழுப் பெண்கள் விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் இட்லி அவித்துத் தள்ளினார்கள், கூலி பெற்றார்கள். உணவகம் நடத்தத் தெரிந்த பெண்கள் அவ்வளவு பேர் ஒரே நகரத்தில் உருவாகியும், அவர்களில் யாரையும் உணவக உரிமையாளராக்க ஓர் ஏற்பாடு அந்தத் திட்டத்தில் இல்லை.

தமிழர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல என்பதுதான் எனக்கு வலிக்கிறது. நம் அரசியலே சாப்பாட்டுப் பந்தியில் சூடு பிடித்ததுதான். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதை எதிர்த்து 1920-களின் நடுவில் எழுந்த போராட்டம் பெரியாரைக் காங்கிரஸிலிருந்து வெளியே கொண்டுவந்த காரணங்களில் ஒன்று. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் ஒழிந்தது 1941-ல். திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் மாதக்கணக்கில் மறியல் நடந்தது. யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற கேள்வியில் நாம் நாட்டுக்கே முன்னோடி. யார் சமைக்கலாம், சமைத்தவர் பெயர் பலகையில் வரலாமா, கல்லாவில் யார் உட்காரலாம் என்ற கேள்விகள் அப்படியே நின்றுவிட்டன. பந்தியில் சமத்துவம் கேட்ட அளவுக்கு அடுப்படியில் சமத்துவம் கேட்கவில்லை, காரணம் அடுப்படியில் நின்றது பெண்கள்.

இங்கே மும்பைக்காரர் ஒருவர் குறுக்கிடுவார்: "அதெல்லாம் கிராமத்துக் கதை. வடாபாவ் வாங்கும்போது யார் சாதி கேட்கிறார்கள்? தாராவி தொண்ணூறு அடி சாலைப் பக்கமிருந்து விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பும் இட்லியை நகரமே வாங்கிச் சாப்பிடுகிறதே?" இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் கிடங்கு வேலைக்கு தாராவி வந்த ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கு இந்த நகரத்துக் கூட்டம் தந்த முகமின்மை பெரிய விடுதலை. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முகம் தெரியாமல் விற்பது வேறு, பெயர் சொல்லித் தொழிலில் வளர்வது வேறு. ஒரு சமையல் கலைஞரின் தொழில் வாழ்க்கை என்பது பெயரால் கட்டப்படுவது. 'இன்னார் கைச் சமையல்' என்று நான்கு பேர் தேடி வர வேண்டும். யாரென்று தெரியாதவரைதான் விற்கும் என்றால், வளர்ச்சி ஒரு தள்ளுவண்டி அளவோடு நின்றுவிடும். மேலும் மும்பை கேட்பதே இல்லை என்பதும் முழு உண்மையல்ல. காட்கோபர் கிழக்கில் பல வசதியான வீடுகளில் அடுப்புக்கு 'மகராஜ்' என்ற பிராமணச் சமையல்காரர் வருகிறார், பாத்திரம் தேய்க்க 'பாயி' என்ற வேலைக்காரப் பெண் வருகிறார். எந்தக் கை எதைத் தொடலாம் என்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. பக்கத்து புனேயில் 2017-ல் ஓர் உயர் அதிகாரி, தன் வீட்டில் சமைத்த பெண் பிராமணர் என்று பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்று போலீஸில் புகாரே கொடுத்தார். 2024 மார்ச்சில் சொமேட்டோ சுத்த சைவ வாடிக்கையாளருக்குத் தனிப் படை, தனிப் பச்சைச் சீருடை என்று அறிவித்து, எதிர்ப்பு வந்த மறுநாளே சீருடையைக் கைவிட்டது. பொட்டலத்தைத் தூக்கிவரும் கையே ஒரு நிறுவனத்தின் வியாபாரக் கணக்கில் வருகிறது என்றால், சமைக்கும் கை வராதா? 2011-12-ன் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் தீண்டாமை பார்ப்பதாகத் தாங்களே ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் இவ்வளவு.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வரலாற்றை நான் படிக்கும்போது தேடுவது இந்தப் பெயர், உரிமை என்ற இரண்டு விஷயங்களைத்தான். அப்பி ஃபிஷர் அடிமைத்தனத்தில் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். சான்பிரான்சிஸ்கோவில் ஊறுகாய், ஜாம் தொழில் நடத்திப் பரிசுகள் வாங்கி, 1881-ல் வாய்மொழியாகச் சொல்லி ஒரு சமையல் புத்தகத்தை வெளிக்கொண்டுவந்தார். அவர் நுழைந்ததும் ஊறுகாய் வழியாகத்தான் என்பதைக் கவனியுங்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் நான்சி கிரீன் என்ற பெண் 'ஆண்ட் ஜெமைமா' வேடத்தில் பான்கேக் சுட்டு அந்த மாவை நாடெங்கும் பிரபலமாக்கினார். முகம் அவருடையது, கம்பெனி வேறு யாருடையதோ. அந்தப் பெயரைப் பெட்டியிலிருந்து எடுக்க 2021 வரை ஆனது. 1955-ல் மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின்போது ஜார்ஜியா கில்மோர் பெண்களைத் திரட்டிக் கேக்கும் 'பை' பலகாரமும் வறுத்த கோழியும் விற்று இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார். உணவக வேலை பறிபோனபோது, வீட்டிலேயே கடை போடச் சொல்லி ஊக்கமும் பண உதவியும் தந்தவர் மார்ட்டின் லூதர் கிங். நியூ ஆர்லியன்ஸின் லியா சேஸ் கணவர் குடும்பத்தின் சாண்ட்விச் கடையை வெள்ளை மேசைவிரிப்பு விரித்த உணவகமாக்கினார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சாப்பிடுவது சட்ட விரோதமாக இருந்த காலத்தில் அவருடைய மாடியறையில் இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து போராட்டம் திட்டமிட்டார்கள். எட்னா லூயிஸ் 1949-ல் நியூயார்க்கின் கஃபே நிக்கல்சனில் சமையலராக மட்டுமல்லாமல் பங்குதாரராகவும் இருந்தார். மஷாமா பெய்லி ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில், ஒருகாலத்தில் கறுப்பினத்தவருக்குத் தனி இடம் ஒதுக்கியிருந்த கிரேஹவுண்ட் பேருந்து நிலையத்தில் 2014-ல் 'தி கிரே' உணவகத்தைத் திறந்தார், முதல் போட்ட கூட்டாளியோடு அவரும் பங்குதாரர். நிலைத்த ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு பங்கோ, ஒரு குடும்பக் கடையோ, இயக்கத்தின் ஆதரவோ இருக்கிறது. பங்கு இல்லாமல் முகம் மட்டும் தந்தவருக்கு மாவுப் பெட்டிதான் மிஞ்சியது.

சரி, இங்கே அரசாங்கக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 2015-ல் வந்த முத்ராவில் சிசு பிரிவு 50 ஆயிரம் ரூபாய் வரை. 2016 ஏப்ரலில் வந்த ஸ்டாண்ட்-அப் இந்தியா, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 10 லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை, ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஆளுக்கொருவருக்காவது தர வேண்டும் என்றது. நல்ல நோக்கம். ஆனால் இரண்டு அடுப்பு வைத்து டப்பா கட்டிக் கொடுக்கும் பெண்ணுக்கு 50 ஆயிரம், ஒரு கிரைண்டரும் பாத்திரமும் வாங்குவதற்குள் தீர்ந்துவிடும். மறுபக்கம் பத்து லட்சத்துக்கு வங்கி கேட்கும் கடை ஒப்பந்தமும் திட்ட அறிக்கையும் சொந்தப் பங்குத் தொகையும் அவளிடம் இருக்காது. நடுவில் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. முத்ராவின் அடுத்த பிரிவு காகிதத்தில் அந்த இடத்துக்குத்தான், நடைமுறையில் விலாசச் சான்றில் வந்து முட்டுகிறது. உடுப்பிப் பையனை அந்தப் பள்ளத்தைத் தாண்டவைத்தது வங்கி அல்ல, காகிதம் கேட்காத ஊர்க்காரரின் நம்பிக்கை. லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே மூவரும் 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்து எழுதியபடி, மக்கள்தொகையில் 16.4 சதவீதமான பட்டியல் சாதியினர் கையில் இருந்த தொழில்கள் 9.8 சதவீதம். கடன் திட்டங்களே இல்லாததால் மட்டும் வந்த இடைவெளி இல்லை இது. வாங்குகிறவர், விற்கிறவர், ஜாமீன் நிற்கிறவர் என்ற முழு வலையும் இல்லாத இடைவெளி.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் தலித் இயக்கத்துக்குள்ளிருந்தே வரும், அதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். "படித்து ஆபீஸுக்குப் போக வேண்டிய பெண்களை மறுபடியும் ஏன் அடுப்படிக்குத் தள்ளுகிறீர்கள்? சாதித் தொழிலை விட்டு வெளியே வரச் சொன்னவரல்லவா அம்பேத்கர்?" ஆம், சொன்னார். ஆனால் ஊருக்குச் சமைப்பது தலித்துகள் மீது சுமத்தப்பட்ட தொழிலே இல்லை, அவர்களுக்கு மறுக்கப்பட்ட தொழில். தோலும் துப்புரவும் சுமத்தப்பட்டவை. சமைத்த சோறும் குடிநீரும் தொடக்கூடாதவை. மற்றவர் விரும்பித் தேடி வந்து ஒரு தலித் பெண்ணின் கைச் சோற்றைக் காசு கொடுத்து உண்பது அந்தத் தடையை நேருக்கு நேர் உடைப்பது. விருப்பமில்லாத பெண்ணை யாரும் அடுப்புக்கு அழைக்க வேண்டாம். ஏற்கெனவே கூலிக்குச் சமைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் இந்த நகரத்தில் ஏராளம், கேள்வி அவர்களைப் பற்றியது. அவர்கள் சமைக்கத்தான் போகிறார்கள், யாருக்காக, எந்தப் பங்கில் என்பதுதான் முடிவாக வேண்டும்.

அதேபோல் 'தலித் உணவு' என்ற அடையாளம் தேவையா என்ற விவாதம். புனே பல்கலைக்கழகத்தில் ஷர்மிளா ரெகேவும் மாணவர்களும் 2009-ல் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். ஷாஹு பாட்டோளே மராத்தியில் 2015-ல் எழுதிய மராத்வாடா தலித் சமையல் புத்தகம் 2024-ல் ஆங்கிலத்துக்குப் போனது. சந்திரபான் பிரசாத் 2016-ல் 'தலித் ஃபுட்ஸ்' என்று பெயரிட்டே ஊறுகாயும் மசாலாவும் விற்கத் தொடங்கினார். இவை எல்லாம் அவசியமான வேலைகள். ரத்தப் பொரியலும் குடல் குழம்பும் கருவாடும் யாருடைய வெட்கமும் அல்ல என்று அச்சில் வந்தாக வேண்டும். ஆனால் ஒரு சமையல்காரியிடம், நீ உன் சேரிச் சாப்பாட்டை மட்டும் சமைத்துக் காட்டு, நாங்கள் வந்து ரசிக்கிறோம் என்று நகரம் சொன்னால் அது இன்னொரு வேலி. எட்னா லூயிஸ் முதலில் பேர் வாங்கியது வறுத்த கோழிக்கும் சீஸ் சூஃப்லேவுக்கும். தன் பிறந்த ஊரான ஃப்ரீடவுனின் சமையலை அவர் புத்தகமாக எழுதியது 1976-ல், தானே தேர்ந்தெடுத்த நேரத்தில். தாராவியில் பிறந்த பெண்ணுக்கும் அந்தத் தேர்வு இருக்க வேண்டும். காட்கோபர் வல்லப் பாக் சந்தின் சாப்பாட்டுத் தெருவான காவ் கல்லியில் தோசை மேல் சீஸும் சாக்லேட்டும் ஊற்றி விற்க ஓர் ஆணுக்கு யாரிடமும் தன் பாட்டியின் கதை சொல்லத் தேவையில்லை. அவளுக்கும் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

ஏணியை அரசால் போட முடியுமா என்றால், பக்கத்துக் கேரளம் போட்டிருக்கிறது. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து உணவகங்களை நடத்துகிறார்கள், கூலிக்கு அல்ல, தங்கள் சொந்தத் தொழிலாக. பயிற்சி, கடன், இடம், பொதுப் பெயர் நான்கும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. 2024-ல் அங்கமாலியில் நெடுஞ்சாலைப் பயணிகளுக்கான 'பிரீமியம்' கஃபே வரை வந்துவிட்டார்கள். அங்கே குறை இல்லை என்று சொல்லவில்லை. உடுப்பி வலை ஆண்களுக்குச் செய்ததை ஒரு மாநிலம் பெண்களுக்குச் செய்து பார்த்திருக்கிறது, சமைத்த சோற்றில் செய்திருக்கிறது என்பதே எனக்கு முக்கியம். லிஜ்ஜத்தின் கூட்டு உரிமையும் அன்னபூர்ணாவின் பரஸ்பர ஜாமீனும் பிறந்த நகரம் இது. அந்த இரண்டையும் சேர்த்து ஒரு சமையற்கூடத்துக்குக் கொண்டுவர முடியாது என்று எப்படி நம்புவது?

இப்போது பேச வேண்டிய காரணம் காட்கோபரிலேயே இருக்கிறது. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்தில் ராமாபாய் அம்பேத்கர் நகரையும், தமிழர்கள் வாழும் பக்கத்துக் காமராஜ் நகரையும் சேர்த்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிசைகளை மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ.வும் குடிசை மறுவாழ்வு ஆணையமான எஸ்.ஆர்.ஏ.வும் இடித்துக் கட்டுகின்றன. தாராவியிலும் மறுசீரமைப்பு நடக்கிறது. எஸ்.ஆர்.ஏ. வீடு என்றால் 300 சதுர அடி. சந்துப் பக்கம் திறக்கும் கதவு, வாசலில் ஓர் அடுப்பு, பக்கத்து வீட்டுத் திண்ணையில் காயும் பாத்திரம் என்று நடக்கும் தொழில், இருபதாவது மாடிக்குப் போனால் அங்கே நடக்காது. கணக்கெடுப்பில் கடை என்று நிரூபிக்க லைசென்ஸ் காகிதம் வேண்டும், வீட்டுக்குள் சமைத்து விற்கும் பெண்ணிடம் பெரும்பாலும் அது இருக்காது. எனவே பலகைக் கடை வைத்திருந்தவருக்குக் கீழே கடை கிடைக்கும், அதே அளவு வியாபாரம் அடுப்படியில் செய்தவளுக்கு வீடு மட்டும் கிடைக்கும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு தொழில் பதிவுக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். சங்கங்களும் மன்றங்களும் வீடு வீடாகப் போய் சமைத்து விற்கும் பெண்களின் பெயரில் அந்தப் பதிவை எடுத்துக் கொடுக்கலாம். அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டடத்தின் தரைத்தளத்திலும் பெண்கள் கூட்டாக உரிமை கொண்ட ஒரு பொதுச் சமையற்கூடம் வேண்டும் என்று எஸ்.ஆர்.ஏ.விடம் எழுதிக் கேட்கலாம். பால்வாடிக்கும் சொசைட்டி ஆபீஸுக்கும் அந்தக் கட்டடங்களில் இடம் ஒதுக்க விதி இருக்கிறது. சமையற்கூடத்துக்கும் விதி எழுத முடியும். காமராஜ் நகரில் பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் கூடும் சங்கங்கள் இந்த வருடக் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக வைக்கட்டும், தீர்மானத்தின் கீழ் அந்தப் பெண்களின் பெயர்களையும் எழுதட்டும்.